மாட்டுங்கா மண்டபத்து மண் பிள்ளைகள்

பம்பாய்க்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் கடலைப் பற்றியும் மாடிக் கட்டடங்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் தூத்துக்குடிக்காரன், கடல் எனக்குப் புதிதில்லை. மாடிக் கட்டடங்களை நின்று அண்ணாந்து பார்க்கிற தைரியம் எனக்கு அப்போது இல்லை. நான் எழுதப்போவது பயத்தைப் பற்றி. நான் போன சமயத்தில் அந்த ஊரில் தட்டுப்பாடில்லாமல் கிடைத்த சரக்கு அது ஒன்றுதான்.

அறுபதுகளின் பிற்பகுதி. தெற்கேயிருந்து வந்தவர்கள் வேலைகளையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள், இனி மூட்டையைக் கட்டட்டும் என்று பம்பாயில் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடக்காரன் எல்லோருக்கும் அங்கே ஒரே பெயர், மதராஸி. பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஹோட்டல் கண்ணாடிகள் நொறுங்கின, கடைப் பலகைகளில் தார் பூசப்பட்டது. ரயிலில் பெயர் கேட்டு அடிக்கிறார்கள் என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அடிபட்டவனை யாரும் பார்க்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போகாமல் இருக்க முடியாத காரியம். தங்கை செல்லக்கனி தாராவியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது, ஏழு மாதம் தாண்டி நின்றது. பேறுகாலத்துக்கு அவளை ஊருக்குக் கூட்டிவர வேண்டும். அப்பா இல்லை, அண்ணன் நான் ஒருவன்தான். உப்புக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தோடு ரயில் ஏறினேன். கருவாட்டினால் ஒரு நன்மை உண்டு. அந்தக் கூட்டத்திலும் என்னை நெருங்கி யாரும் உட்காரவில்லை.

தாதர் ஸ்டேஷனில் தங்கையின் கணவர் சுடலைமணி காத்திருந்தார். செம்பூரில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை செய்கிறவர், ஒல்லியான மனிதர். குசலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். உள்ளே அவருடைய பேண்ட்.

"மச்சான், மொதல்ல இதப் போடுங்க. வேட்டியோட வெளிய வந்தா நம்மள இன்னாருன்னு எழுதி ஒட்டின மாதிரி."

ஸ்டேஷன் கக்கூஸுக்குள் போய் மாட்டினேன். அவர் இடுப்பு எங்கே, என் இடுப்பு எங்கே! பொத்தான் எட்டவில்லை. சட்டையை மேலே இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு கையால் பேண்டைப் பிடித்தபடி வெளியே வந்தேன்.

"இன்னும் ஒண்ணு, மச்சான். வாயத் தொறந்துராதீங்க. யாரும் என்னமும் கேட்டா இருமுங்க, போதும்."

பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகவேண்டும் என்று என்னைத்தான் கேட்டார். இருமினேன். மறுபடி கேட்டார், பலமாக இருமினேன். காசநோய் என்று நினைத்தாரோ என்னவோ, டிக்கெட்டைச் சுடலைமணியிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

தாராவிக்குள் நுழைந்ததும் பேண்டைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. தோல் பதனிடும் இடங்களின் வாடை, கழிமுகத்துச் சேற்று வாடை, இரண்டையும் மீறிக்கொண்டு எங்கிருந்தோ வெங்காயம் தாளிக்கிற வாசனை. தகரக் கூரைகளுக்கு நடுவே ஒரு ஆள் மட்டுமே போகக்கூடிய சந்துகள். குழாயடியில் குடங்களோடு நின்ற பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏ மூதேவி, கொடத்த நவட்டுட்டி!" என்று ஒருத்தி கத்தினாள். என் வாழ்நாளில் ஒரு வசவு அவ்வளவு இனிமையாகக் காதில் விழுந்ததில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பெண்களில் ஒருத்தியின் தலையிலும் பூ இல்லை. கேட்டதற்கு, "பூ வச்சா தூரத்துலயே கண்டுபிடிச்சிருதானுவ மச்சான். எடுத்துட்டாளுவ" என்றார் சுடலைமணி. சாதாரணமாகத்தான் சொன்னார்.

செல்லக்கனி வாசலில் நின்றாள். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. முகம் மட்டும் பாதியாகியிருந்தது. ரேஷன் அரிசிச் சோறும் நான் கொண்டுபோன கருவாட்டில் ஒரு குழம்பும் வைத்தாள். அரிசியில் பாதி கல். ஆனாலும் இரண்டு நாள் ரயில் பசிக்கு அது அமிர்தம். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, அவள் தட்டில் கை வைக்கவில்லை.

"என்னட்டி, துணிமணியெல்லாம் எடுத்து வச்சாச்சா?" என்றேன்.

"நா வரல அண்ணே."

"ஏம்ட்டி?"

"எம் பிள்ளைய மாட்டுங்காவுல வச்சிருக்கேன். அதக் கரைக்கப் போறாவ. அது என்ன ஆவுதுன்னு தெரியாம நா எப்படி ரயிலேறுவேன்?"

எனக்குத் திக்கென்றது. பிள்ளை வயிற்றில் இருக்கிறது, மாட்டுங்காவில் வைத்திருக்கிறேன் என்கிறாளே, புத்தி பிசகிவிட்டதோ என்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

மாட்டுங்காவில் ராஜம் என்று ஒரு பெண். ஆபீஸில் வேலை பார்க்கிறவள், பாலக்காட்டுக் குடும்பம். அவளுக்குத் தெரிந்த ஒரு பணக்கார ஓவியக்கார அம்மாள், தாரா மேடம், ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துப் புதுமாதிரியான கண்காட்சி வைத்திருந்தாள். அதில் படம் கிடையாது, சிலை கிடையாது. வருகிற ஜனங்கள்தான் செய்ய வேண்டும். உங்கள் மனதில் யார் இருக்கிறார்களோ அவர்களை மண்ணில் பிடித்து வையுங்கள் என்று பரேல், தாதர், செம்பூர் எங்கும் ஆள் விட்டிருந்தாள். தாராவிக்கு ராஜமே வந்தாள், பக்கத்துக் கும்பார்வாடாக் குயவர்களிடம் வாங்கிய மண்ணை ஒரு கைவண்டியில் வைத்துக்கொண்டு.

எங்கள் பெண்களுக்கு அதை இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் சீமையில் இது காலங்காலமாக நடப்பதுதானே. பிள்ளை வேண்டுமென்றால் மண் பிள்ளை, கால் குணமாகக் கால், மாடு பிழைக்க மாடு. உருவாரம் என்போம். வேளார் செய்து சூளையில் சுட்டுத் தருவார், அம்மன் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். வைத்த பிறகு வைத்தவர் கை அதைத் தொடக்கூடாது. திரும்ப எடுத்தால் வேண்டுதலையே திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி. பம்பாய்க்கு வந்து இத்தனை வருஷத்தில் உருவாரம் வையுங்கள் என்று கூப்பிட ஒருத்தி வந்தாளே என்று, குளித்து, ஈரச் சேலையோடு உட்கார்ந்து பிடித்திருக்கிறார்கள். செல்லக்கனி ஒரு கைப்பிள்ளையைச் செய்தாள். இரண்டு முறை ஏமாந்தவள் வேறு எதைச் செய்வாள்? எல்லாவற்றையும் அதே கைவண்டியில் ராஜம் மண்டபத்துக்குக் கொண்டுபோனாள்.

கடைசி நாள் எல்லாவற்றின் மேலும் தண்ணீர் ஊற்றுவோம் என்று ராஜம் சொல்லியிருக்கிறாள். ஒளிக்கவில்லை. அபிஷேகம் என்று இவர்கள் சந்தோஷப்பட்டார்கள். மண்ணைக் கொடுத்த குயவரே சூளை போட்டுச் சுட்டிருப்பார் என்பதுதான் இவர்கள் நினைப்பு. சுடாத உருவாரத்தை யாராவது வைப்பார்களா?

போன வாரம் அந்தக் குயவர் இந்தப் பக்கம் வந்தார். "சூளையா? அந்த அம்மா சுடவே கூடாதென்றுவிட்டாள். கடைசி நாள் எல்லாம் சேறாக வேண்டுமாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து செல்லக்கனி சரியாகச் சாப்பிடவில்லை.

நான் பெரிய பக்திமான் இல்லை. மண் கரைந்தால் மனுஷப் பிள்ளைக்கு என்ன என்று வாய் வரை வந்தது. அவள் கை வயிற்றின் மேல் இருந்த விதத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன். நம்பிக்கை இல்லாதவனுக்கும் பயம் வரும்.

மறுநாள் மாப்பிள்ளையும் நானும் மாட்டுங்காவுக்குப் போனோம். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு நல்ல காபி குடித்துவிடலாம் என்பது என் ரகசிய ஆசை. ஹோட்டலின் இரும்புக் கதவை முக்கால்வாசி இறக்கி வைத்திருந்தார்கள். குனிந்து, ஏறக்குறையத் தவழ்ந்து உள்ளே போனால், அங்கே வழக்கம்போல இட்லியும் சாம்பாரும் பித்தளை டபராவில் நுரை பொங்கும் காபியும். முப்பது பேர் இருந்தும் பேச்சே இல்லை. சாவு வீட்டில் சாப்பிடுகிற மாதிரி எல்லோரும் இலையைப் பார்த்தே சாப்பிட்டார்கள். வெளியே ஏதோ சத்தம் கேட்டபோது பரிமாறுகிறவர் வாளியோடு அப்படியே நின்றார். அது வெறும் லாரி என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சாம்பார் விழுந்தது. காபி பிரமாதம் என்று இப்போது சொல்கிறேன், அப்போது ருசி தெரியவில்லை.

மண்டபத்தில் ராஜம் இருந்தாள். மெலிந்த பெண், மூக்குக் கண்ணாடி. அவள் கதவைத் திறந்துவிட்டபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கல்யாணத்துக்குப் பந்தி போடுகிற அந்த நீளத் தரை முழுவதும் மண் உருவங்கள். கிழவர்கள், சைக்கிளில் போகிறவன், தையல் மெஷின் முன்னால் ஒருத்தி, பெரிய மூக்குள்ள ஒரு மாமியார். நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். மண் காய்ந்து வெளுத்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் எல்லோரும் எதற்கோ காத்திருப்பவர்கள் போல இருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னோம். ராஜத்தின் முகம் வாடிவிட்டது.

"நான் அன்னிக்கே தெளிவா சொன்னேனே சார். தண்ணி விடுவோம்னு சொன்னேன், அவா எல்லாரும் ரொம்ப சந்தோஷமா தலையாட்டினா. அது இப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்காத்துல உருவாரம்லாம் வழக்கமில்லையே."

தாரா மேடம் பின்னாலிருந்து வந்தாள். வெள்ளைக் கதர்ப் புடவை, மண் படிந்த கைகள். ராஜம் இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல, பொறுமையாகக் கேட்டாள். அவள் சொன்ன பதிலை ராஜம் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: "இந்த ஊரில் இன்று நீ யார், எந்த பாஷை என்று கேட்டுக் கேட்டு அடிக்கிறார்கள். மராட்டிக்காரர் செய்ததும் தமிழர் செய்ததும் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. தண்ணீர் ஊற்றினால் எல்லாம் ஒரே சேறு. யாருடைய மண் எது என்று எவனாலும் பிரிக்க முடியாது. அதற்காகத்தான் நான் இதைச் செய்கிறேன். ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள்."

நல்ல எண்ணம்தான். அதை மறுத்துப் பேச எனக்கு இங்கிலீஷும் இல்லை, நியாயமும் கிடைக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு கைப்பிள்ளையைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. பார்த்தால் அங்கே கைப்பிள்ளைகளே இருபதுக்கு மேல். என் மருமகன் எது? போதாததற்குச் சட்டைக்குள் ஒளிக்கிற நிலையிலா என் பேண்ட் இருந்தது?

திரும்பும்போதுதான் அது நடந்தது. தெருமுனையில் ஒரு கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டு வந்தது. முக்கால்வாசியும் மீசை அரும்புகிற வயதுப் பையன்கள். மாப்பிள்ளை என்னை இழுத்துக்கொண்டு ஒரு பழக்கடைக்குள் பாய்ந்தார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் எங்களைக் கூடைகளுக்குப் பின்னால் தள்ளினார். அழுகிய சாத்துக்குடியின் வாசனையில், முழங்காலில் முகத்தைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எங்கோ கண்ணாடி உடைந்தது. அதற்குப் பின் வந்த சிரிப்புச் சத்தம்தான் என்னை அதிகம் நடுங்க வைத்தது. மாப்பிள்ளையின் கை என் தோளில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, "மேடம் யோசிக்கிறேன்னு சொல்லியிருக்காவ" என்று செல்லக்கனியிடம் ஒரு பொய் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்குக் கடைசி நாளு. நானே போறேன்" என்றாள்.

"இந்த நெலமையில ரோட்டுல எறங்குவியா? அங்க என்ன நடக்கின்னு தெரியுமா ஒனக்கு?" என்று சுடலைமணி சத்தம் போட்டார்.

"தெரியும். பயமாத்தான் இருக்கு. அதுக்காவ அதத் தனியா விடச் சொல்லுதியளா?"

அவளைத் தடுக்க எங்களால் ஆகவில்லை. மறுநாள் பிற்பகல் அவளும் நாங்களும் ஒரு டாக்ஸியில் போனோம். உருவாரம் வைத்த மற்றப் பெண்கள் இரண்டிரண்டு பேராக, பேசாமல், தலையில் முக்காடு போட்டு நடந்து வந்தார்கள். கூட்டமாகப் போனால் கண்ணில் படும் என்று அவர்களே தீர்மானித்தது அது. வழி முழுக்க நான் டாக்ஸிக்காரனுக்குத் தெரியாமல் எங்கள் ஊர் சாமிகள் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, பம்பாய் என்னை நல்ல பக்தனாக்கியது.

மண்டபத்தில் நல்ல கூட்டம். உயர்ந்த புடவைகள், கேமராக்கள், மில் குடியிருப்புகளிலிருந்து வந்த எளிய மராட்டிக் குடும்பங்கள். வாசலில் ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தாரா மேடம் சைகை காட்டியதும் ஊற்றவேண்டும் என்று ஏற்பாடு.

செல்லக்கனி செம்பை வாங்கவில்லை. இடுப்பில் கை கொடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்த் தேடினாள். ஒவ்வொரு கைப்பிள்ளைக்கு முன்னாலும் நின்று குனிந்து பார்த்தாள். ஈரமாக இருந்தபோது அவள் கை விரல் பதிந்த மண், காய்ந்து சுருங்கி, வெடிப்பு விட்டு, வெளுத்து, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பிள்ளையாகிவிட்டிருந்தன. மூன்றாவது வரிசை முடிந்தபோது அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"அண்ணே, எது என்னதுன்னு தெரியலையே!"

அதற்குள் மேடம் கையைத் தூக்கிவிட்டாள். செம்புகள் சாய ஆயத்தமாயின. செல்லக்கனி நின்ற இடத்திலேயே, அந்த உருவங்களின் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் உட்கார்ந்தது அவள் ஒருத்திதான். ஆனால் தாராவிப் பெண்கள் அங்கங்கே இருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, ஒருத்தி பின் ஒருத்தியாக, வரிசைகளுக்கு நடுவே உட்கார ஆரம்பித்தார்கள். ஒருத்தி தன் முக்காட்டைக் கழற்றி எதிரே இருந்த உருவங்களின் மேல் போர்த்தினாள்.

மதராஸிப் பெண்கள் கலாட்டா செய்கிறார்கள் என்று ஒரு ஆள் வெளியே போய்ச் சொன்னால் போதும். தெருமுனையில் கேட்ட அந்தச் சிரிப்பு இந்த வாசலுக்கு வந்துவிடும். இவளோ எழுந்து ஓடக்கூட முடியாதவள். "ஏந்திரி தாயி, போயிருவோம்" என்று கெஞ்சினேன். சுடலைமணி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். தாரா மேடம் சிவந்த முகத்தோடு ராஜத்திடம் என்னமோ கேட்டாள். ராஜம் அழுதுகொண்டிருந்தாள்.

செல்லக்கனிக்கு நேர் எதிரே ஒரு மராட்டியப் பெண் செம்போடு நின்றாள். ஐம்பது வயது இருக்கும். கச்சம் வைத்துக் கட்டிய சேலை, நெற்றியில் பெரிய குங்குமம். பரேலில் மில் தொழிலாளி வீட்டுப் பெண், பெயர் சாந்தாபாய் என்று பிறகு தெரிந்தது. அவள் கோபமாகத்தான் பேசினாள் என்று எனக்குப் பட்டது. மாப்பிள்ளை பயந்து பயந்து எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "மண்ணைக் கரைப்பதற்கு என்னம்மா இவ்வளவு அழுகை? நாங்கள் கணபதியையே கடலில் கரைக்கிறோம். அடுத்த வருஷம் சீக்கிரம் வா என்று சொல்லி அனுப்புகிறோம். அவரும் வருகிறார்."

செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தாள். யார் எவர், என்ன பாஷை என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. தமிழிலேயே சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"சாமி அடுத்த வருசம் திரும்பி வரும். பிள்ளை திரும்பி வருமா? எனக்கு ரெண்டு போச்சு, ரெண்டும் வரல."

மாப்பிள்ளை அதை மராட்டியில் சொன்னார். சாந்தாபாய் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு உருவத்தைக் கையால் காட்டினாள். சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒரு இளைஞன், முன்னால் ஒரு தட்டு. அது அவள் வைத்தது, அவள் மகன்.

அவள் சொன்னதை மாப்பிள்ளை தணிந்த குரலில் சொன்னார். மகனுக்கு வேலை இல்லை. ஒரு கும்பலோடு சேர்ந்துவிட்டான். உங்கள் ஆட்களின் கடைகளை உடைக்கிற கும்பல்தான். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதில்லை. தினமும் தட்டை வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். போலீஸ் சுடுமோ, வேறு யாராவது வெட்டுவார்களோ என்று தூக்கம் இல்லை. அதனால்தான் சாப்பிட உட்கார்ந்த மாதிரி அவனைச் செய்து வைத்தேன்.

முந்தின நாள் பழக்கடைக் கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த மண் பையனைப் பார்க்க எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. செல்லக்கனிக்கு அப்படி எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, வச்ச கை எடுக்கக் கூடாது. நீங்க எடுத்தா ஒங்க வேண்டுதலு போயிரும். நா எடுக்கேன். நீங்க எம் பிள்ளைய எடுங்க. எதுன்னு தெரியல, ஏதாச்சும் ஒண்ண எடுங்க, எங்க அம்மன் கோயில்ல வச்சிருவோம். எல்லாமே எவளுக்கோ பிள்ளைதான?"

மாப்பிள்ளை அதையும் மராட்டியில் சொன்னதும் சாந்தாபாய் குனிந்து, கைக்கு எட்டிய ஒரு கைப்பிள்ளையை இரண்டு கைகளிலும் எடுத்தாள். தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு அதன் நெற்றியில் வைத்தாள். செல்லக்கனி அந்த இளைஞனை, தட்டு உடைந்துவிடாமல், பதமாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் மண்டபமே அசைந்தது. யார் வைத்ததோ அதை அவர் எடுக்கவில்லை, அடுத்தவர் வைத்ததை எடுத்தார்கள். பட்டுப்புடவைக்காரி ஒருத்தி ஒரு மண் மாட்டைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பெரிய மூக்கு மாமியார் யாரோ ஒரு கேமராக்காரர் கைக்குப் போனாள்.

தாரா மேடம் வாசலில் வரிசையாக வைத்திருந்த நிறைகுடங்களையும் காலியாகிக்கொண்டிருந்த தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் அவளும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். எதை என்று நான் பார்க்கவில்லை.

எல்லாம் தாராவி அம்மன் கோயிலுக்குத்தான் போயின. கும்பார்வாடாக் குயவர் அவற்றை அங்கிருந்து எடுத்துப்போய் அடுத்த சூளையில் சுட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டார். சாந்தாபாய் எங்களோடு டாக்ஸியில் வந்தாள். தாராவிச் சந்துக்குள் நுழையும்போது, மதராஸிகள் மத்தியில் தனியாக வருகிற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கு நன்றாகப் பழக்கமான பயம். சட்டென்று அடையாளம் கண்டுகொண்டேன். கோயிலில் கைப்பிள்ளையை வைத்துவிட்டு, செல்லக்கனி கொடுத்த காபியைப் பாதி குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று எழுந்துவிட்டாள். பஸ் நிறுத்தம் வரை சுடலைமணி துணைக்குப் போனார். போன மனிதர் திரும்பி வரும்வரை நாங்கள் வாசலிலேயே நின்றோம்.

படிக்கிறவர்களைக் காத்திருக்க வைக்கவேண்டாம். செல்லக்கனிக்கு ஊரில் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் சௌக்கியம். கரைந்திருந்தாலும் பிறந்திருக்கும் என்று என் கம்பெனி நண்பர் ஒருவர் வாதம் செய்கிறார். இருக்கலாம். அவர் அந்த மண்டபத்தில் இல்லை.

ஊருக்குப் புறப்பட்ட அன்று ஸ்டேஷனில் ஒரே நெரிசல். மூட்டை முடிச்சோடு எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பம்பாயைவிட்டே கிளம்பிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை எங்களை ஏற்றிவிட்டு, பட்டறைக்கு நேரமாகிவிட்டதென்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். செல்லக்கனியை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தேன். மடியில் வழிச் சாப்பாடு, வாழையிலையில் கட்டிய புளிச்சோறு.

ரயில் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து கோஷம் கேட்டது. பத்துப் பதினைந்து பையன்கள், கையில் கம்பு. பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து, ஊளையிட்டு, ஜன்னல்களைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். எதிர் இருக்கைக் குழந்தையின் வாயை அதன் தாய் பொத்தினாள். நான் ஜன்னலின் மரச் சட்டத்தைச் சத்தமில்லாமல் இறக்கினேன்.

செல்லக்கனி அதை மறுபடி ஏற்றிவிட்டாள்.

"ஏட்டி, என்ன பண்ணுத? குனிஞ்சுக்கோ!" என்று பல்லைக் கடித்தேன்.

அவள் குனியவில்லை. கம்பியில் முகத்தை வைத்து, கடந்து போகிற ஒவ்வொரு பையனின் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தாள். அவர்களில் ஒருவன் கம்பை ஓங்கியபடி எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பியவன், அவள் பார்ப்பதைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, பிறகு மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான்.

"இதுல எவன் அந்தம்மா மவன்னு தெரியலையே அண்ணே" என்றாள். கை மடியிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிடித்திருந்தது. "ஒருத்தன் மொகத்தப் பாத்தாலும் சாப்புட்ட மாதிரி இல்ல."